நனைந்தது எந்தத் தண்ணீரில்

2020 மார்ச்சில், ஊரடங்கு அறிவிப்பதற்கு நாலு நாள் முன்னால், பெங்களூரிலிருந்து ஒரு பையும் மடிக்கணினியுமாகத் தூத்துக்குடி வந்து இறங்கினேன். பத்து நாளில் திரும்பிவிடலாம் என்று நினைப்பு. திரும்பியது அடுத்த வருஷக் கடைசியில். அத்தனை மாதமும் மாடி அறையில் உட்கார்ந்து நான் பார்த்தது பெரும்பாலும் ஒரே வேலை: ஒரு டிரைவருக்குள் இருந்த எரர் கோடுகளைச் சரிசெய்தேன். யாரிடம் சொன்னாலும் "அவ்வளவுதானா?" என்பார்கள். இத்தனை வருஷத்தில் நான் மனசு ஒட்டிச் செய்த வேலை அதுதான்.

சர்வர்களில் இருக்கும் ஏகப்பட்ட டிஸ்க்குகளைக் கட்டி மேய்க்கும் ஒரு ரெய்டு கார்டு. அதை லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலோடு பேச வைக்கும் டிரைவர். பன்னிரண்டாயிரம் வரிக்கு மேல். பதினைந்து வருஷமாகப் பல கைகள் எழுதியது. எழுதியவர்கள் பாதிப் பேர் நிறுவனத்தைவிட்டே போய்விட்டார்கள். அவரவர் பழக்கம் அவரவர் எழுதிய பக்கத்தில் அப்படியே இருந்தது.

கெர்னலுக்குள் ஒவ்வொரு ஃபங்ஷனும் வேலை முடிந்ததும், தன்னைக் கூப்பிட்ட ஃபங்ஷனிடம் ஓர் எண்ணைக் கொடுத்துவிட்டுப் போகும். பூஜ்யம் என்றால் முடிந்தது. மைனஸில் வந்தால் முடியவில்லை. எந்த மைனஸ் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. மைனஸ் 12 வந்தால் மெமரி கிடைக்கவில்லை. 16 வந்தால் அந்தப் பக்கம் வேறு வேலை ஓடுகிறது, பிறகு வா. 19 என்றால் கருவியே இல்லை. 22 என்றால் நீ கேட்டதே தப்பு. 110 என்றால் காத்திருந்து பார்த்தாயிற்று, பதில் வரவில்லை. 5 என்றால் எழுதவோ படிக்கவோ முடியவில்லை. காரணம் இன்னதென்று பிரித்துச் சொல்ல முடியாதபோது சொல்ல வேண்டியது அது.

எங்கள் டிரைவரில் இருநூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் 'ரிட்டர்ன் மைனஸ் ஒன்' என்று இருந்தது. எழுதியவர்களுக்கு அது வெறும் 'முடியவில்லை'. ஆனால் கெர்னலின் பட்டியலில் 1 என்ற எண்ணுக்கு ஏற்கெனவே ஓர் அர்த்தம் உண்டு. அதன் பெயர் ஈபெர்ம்: உனக்கு இதைச் செய்ய அனுமதி இல்லை.

இதனால் என்ன கெட்டுப்போய்விடும் என்று நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். ஊருக்கு வருவதற்கு முந்தைய வருஷம் ஒரு வாடிக்கையாளர் அலுவலகத்திலிருந்து ராத்திரி மூன்று மணிக்குப் போன் வந்தது. ஒரு டிஸ்க் போய், புது டிஸ்க் மாட்டி, கார்டு தனக்குள்ளேயே தரவைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்த நேரம். அப்போது அதனிடம் இன்னொரு கட்டளை கொடுத்திருக்கிறார்கள். கார்டு 'இப்போது முடியாது, பிறகு வா' என்றது. டிரைவர் அதை மைனஸ் ஒன்றாக்கி மேலே அனுப்பியது. திரையில் 'ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்' என்று வந்தது. அங்கே இருந்த பையன் படித்ததை நம்பினான். அனுமதிதானே பிரச்சினை என்று ஃபைல்களின் அனுமதிகளையெல்லாம் திறந்துவிட்டான், கடைசியில் சர்வரின் பாதுகாப்பு ஏற்பாட்டையே அணைத்தும் பார்த்துவிட்டான். ஐந்து மணி நேரம். வேறு எதுவும் செய்யாமல் கார்டு வேலையை முடிக்கும்வரை காத்திருந்திருந்தால் போதும். போனில் அவன் குரல் நடுங்கியது இன்னும் காதில் இருக்கிறது. "சார், நான் எதையாவது கெடுத்துட்டேனா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான். கெடுத்தது அவன் இல்லை. பதினாறு என்று சொல்ல வேண்டிய இடத்தில் ஒன்று என்று சொன்ன ஒரு வரி.

அதனால்தான் இந்த வேலையை நானாகக் கேட்டு வாங்கினேன். வாங்கிய வேகத்தில் ஒரு தப்பும் செய்தேன். ஒரே கட்டளையில் எல்லா மைனஸ் ஒன்றையும் மைனஸ் ஐந்தாக மாற்றினேன். மைனஸ் ஐந்து குறைந்தபட்சம் பொய் இல்லையே என்று சமாதானம். மூன்று நாள் அதைச் சோதித்து, அனுப்ப வைத்திருந்தேன்.

ஜூன் மாதம். கச்சான் காற்று தெருப் புழுதியை வாரி மாடி ஜன்னலில் அடித்துக்கொண்டிருந்த சாயங்காலம். அப்பா காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தார். பழைய வரி சிவப்பில், புது வரி பச்சையில், பக்கம் பக்கமாக.

"இது என்னலே, ஒண்ணை எடுத்துட்டு எல்லா இடத்திலயும் அஞ்சு போட்டிருக்க?"

சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப சேதம்னு எழுதியிருக்க" என்றார்.

அவர் சொன்னதைப் புரிந்துகொள்ள அவருடைய தொழில் தெரிய வேண்டும். அப்பா பழைய துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்தவர். 1974-ல் புதுத் துறைமுகம் நாட்டின் பத்தாவது பெரிய துறைமுகமாக ஆனது. கடலுக்குள் நாலு கிலோமீட்டர் அளவுக்கு நீளும் இரண்டு கல் தடுப்புச் சுவர்களுக்கு நடுவே அமைந்த அந்தத் துறைமுகத்துக்குக் கப்பல்கள் போய்விட்டன. தோணிகள் பழைய துறைமுகத்திலேயே தங்கின. கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் வெங்காயம், பருப்பு, காய்கறி, கட்டுமானச் சாமான் என்று ஏற்றிக்கொண்டு போகும் மரத் தோணிகள். லாரிக்கும் தோணிக்கும் நடுவே ஏறி இறங்கும் ஒவ்வொரு மூட்டைக்கும் அப்பா ஒரு கோடு போடுவார். நாலு கோடு நின்றால் ஐந்தாவது குறுக்கே. நீளமான நோட்டு, அட்டை முனை மடங்காமலிருக்கத் துணி ஒட்டியது. வலது ஓரத்தில் ஒரு விரற்கடை இடம் குறிப்புக்கு. அப்பாவின் தொழில் முழுவதும் அந்த ஒரு விரற்கடைக்குள் இருந்தது.

எனக்குப் பத்து வயசு இருக்கும். மத்தியானச் சாப்பாட்டுத் தூக்கோடு போயிருந்தேன். சுமை தூக்குகிறவர் தலையில் வந்த மூட்டையை அப்பா நிறுத்தச் சொன்னார். அடிப்பக்கம் சாக்கு கருத்து ஈரமாக இருந்தது. விரலை அழுத்தி எடுத்து நுனிநாக்கில் வைத்துப் பார்த்தார். "கடத்தண்ணி இல்ல. மழை." நோட்டில் அந்தக் கோட்டுக்கு நேராக எழுதினார்: அடி நனைந்தது, மழைநீர், லாரியில். மூட்டை தனியாகப் போனது. அவ்வளவுதான், அடுத்த கோடு.

உப்புக் கரித்தால் தோணிக்காரர் பொறுப்பு. மழைத் தண்ணீர் என்றால் தார்ப்பாய் போடாத லாரிக்காரர். உப்பும் இல்லை, மேல் மூட்டைதான் நனைந்திருக்கிறது என்றால் தோணியின் வயிற்றுக்குள் பலகை வேர்த்துச் சொட்டியிருக்கிறது. காற்றோட்டம் விடாததால் வந்தது. பெரிய கப்பல் சரக்கில் இதைப் பார்க்க சர்வேயர்கள் சில்வர் நைட்ரேட் கரைசல் வைத்திருப்பார்கள். ஈரத்தில் விட்டால் உப்பு இருக்கிற இடம் வெள்ளையாகத் திரியும். அப்பாவுக்கு நாக்கு. 'சேதம்' என்று ஒரே வார்த்தை எழுதினால் நோட்டில் இடமும் மிச்சம், நேரமும் மிச்சம். ஆனால் மேலே ஏஜெண்ட் ஆபீஸில் அதை வைத்து யாரும் ஒன்றும் செய்ய முடியாது. மூட்டையைத் தொட்டவர் ஒருவர்தான். அவர் எழுதாததை, மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற எவரும் பிறகு கண்டுபிடித்துவிட முடியாது.

மூன்று நாள் வேலையை அன்றைக்கு ராத்திரியே அழித்தேன்.

மறுநாளிலிருந்து ஒவ்வோர் இடமாகக் கீழே இறங்கினேன். கார்டோடு முதலில் பேசுகிற ஃபங்ஷன் ஒன்று. கட்டளையை ஒரு மெயில்பாக்ஸில் போட்டு, மணியடித்து, பதிலுக்குக் காத்திருப்பது அதன் வேலை. எழுபது வரிதான். அதற்குள் நாலு வகையில் தோற்க வழி இருந்தது. கட்டளை வைக்கும் மெமரி கிடைக்காமல் போகலாம். கார்டே 'வேலையாக இருக்கிறேன்' என்று ஒரு பிட்டைத் தூக்கி வைக்கலாம். மணியடித்தும் பதில் வராமல் நேரம் தாண்டலாம். நாலாவது, கார்டே அங்கே இல்லாமல் போயிருக்கலாம். ஸ்லாட்டிலிருந்து போய்விட்ட பிசிஐ கார்டைப் படித்தால் 32 பிட்டும் ஒன்றாகவே வரும். ஆள் இல்லாத வீட்டுக்கு அதுதான் அடையாளம். பழைய நிரலில் அந்த 32 ஒன்றுகளுக்குள் 'வேலையாக இருக்கிறேன்' பிட்டும் அடங்கிவிட்டதால், இல்லாத கார்டை இருப்பதாக நினைத்து டிரைவர் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருந்தது. நாலுக்கும் முடிவில் அதே மைனஸ் ஒன்று. இப்போது 12, 16, 110, 19. நாலு எண் மாற்ற ஒரு வாரம் பிடித்தது, ஏனென்றால் எது எது என்று தெரிய கார்டின் கையேட்டை முதல் தடவையாக முழுசாகப் படிக்க வேண்டியிருந்தது.

சோதித்தால் மேலே மறுபடி மைனஸ் ஐந்து வந்தது. கீழிருந்து பிரித்துச் சொன்னதை, நடுவில் இருந்த ஒரு ஃபங்ஷன் வாங்கி, 'ஏதோ தப்பு' என்று தன் பங்குக்கு ஓர் ஐந்தைப் போட்டு அனுப்பிக்கொண்டிருந்தது. இன்னோர் இடத்தில் வந்த எண்ணை வாங்கவே இல்லை. கேட்காமலே அடுத்த வரிக்குப் போயிருந்தார்கள். இது எங்கள் வீட்டுக் குறை மட்டுமில்லை என்று ஓர் ஆய்வைப் படித்தபோது தெரிந்தது. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஹர்யாடி குனாவியும் தோழர்களும் லினக்ஸின் ஃபைல் சிஸ்டங்களையும் சேமிப்பு டிரைவர்களையும் அலசி 2008-ல் வெளியிட்டது. எரர் கோடு கைமாறும் 9,022 அழைப்புகளில் 1,153 இடங்களில், அதாவது நூற்றுக்குப் பதின்மூன்றில், அந்த எண் கவனிக்கப்படாமல் நழுவுகிறது. படிக்கும்போது வரும் பழுதைவிட எழுதும்போது வரும் பழுதைத்தான் அதிகம் கோட்டைவிடுகிறார்கள் என்பதும் அதில் இருந்தது. அதைப் படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. படிக்க முடியவில்லை என்றால் இப்போதே தெரியும். எழுதாததை எழுதியதாக நம்பினால், என்றைக்கோ தேவைப்படுகிற நாளில்தான் தெரியும்.

ப்ரோப் ஃபங்ஷனில் இன்னொன்று அகப்பட்டது. கார்டை முதன்முதலில் எழுப்புகிற இடம் அது. மெமரி கேட்கும் படிகளை வேண்டுமென்றே ஒவ்வொன்றாகத் தோற்கடித்துப் பார்க்கக் கெர்னலிலேயே வசதி உண்டு. ஒரு படியில் மெமரி கிடைக்கவில்லை. நிரல் ஒழுங்காகப் பின்வாங்கி, எடுத்ததையெல்லாம் திருப்பிக் கொடுத்து, கடைசியில் பூஜ்யம் சொன்னது! முந்தைய படியில் கிடைத்த பூஜ்யம், திருப்பிச் சொல்ல வேண்டிய எண்ணை வைத்திருக்கும் மாறியில் அப்படியே கிடந்திருக்கிறது, யாரும் புது எண் வைக்கவில்லை. கார்டு எழுந்துவிட்டது என்று கெர்னல் நம்பும். பிறகு கழற்றப் போகும்போது, திருப்பிக் கொடுத்த மெமரியைத் தொட்டு விழும். ஒரு வரி சேர்த்தேன். இந்த ஒரு வரித் திருத்தம் கெர்னல் வரலாறு நெடுக ஆயிரம் தடவை வந்திருக்கும். இதைத் தேட ஜூலியா லாவாலும் தோழர்களும் உருவாக்கிய காக்சினெல் போன்ற கருவிகள் உதவுகின்றன.

இதெல்லாம் சில்லறை. உண்மையான பயம் அபார்ட் ஃபங்ஷனில் இருந்தது.

டிரைவர் எழுதுகிறவர்களுக்கு முதலில் தலைசுற்றுவது, பூஜ்யத்துக்கு இடத்துக்கு இடம் அர்த்தம் மாறுவதுதான். ப்ரோப்பில் பூஜ்யம் என்றால் வெற்றி. இன்டரப்ட் பார்க்கும் ஃபங்ஷனில் பூஜ்யம் என்றால் 'இது எனக்கு வந்ததில்லை', ஒன்று என்றால் 'நான் பார்த்துக்கொண்டேன்'. டிஸ்க் கட்டளைகளைக் கையாளும் ஸ்கஸி அடுக்கின் பழுது பார்க்கும் ஃபங்ஷன்களில் வெற்றிக்கு எண் 8194, தோல்விக்கு 8195. முதல் தடவை அந்த எண்களைப் பார்த்தபோது யாரோ தவறி எழுதியதாக நினைத்தேன். இல்லை, அப்படித்தான்.

ஒரு டிஸ்க்குக்குக் கட்டளை கொடுத்துவிட்டு கெர்னல் வழக்கமாக 30 விநாடி காத்திருக்கும். பதில் இல்லையென்றால் டிரைவரின் அபார்ட் ஃபங்ஷனைக் கூப்பிட்டு, 'அந்தக் கட்டளையை வாபஸ் வாங்கு' என்னும். டிரைவர் 8194 சொன்னால், கார்டு அதைக் கைவிட்டுவிட்டது, அந்தக் கட்டளைக்குக் கொடுத்த மெமரியை இனி வேறு வேலைக்குக் கொடுக்கலாம் என்று பொருள். எங்கள் டிரைவர் வாபஸ் கடிதத்தைக் கார்டுக்குப் போட்டது. போட்ட கையோடு 8194 சொல்லியது. கார்டு அதைப் படித்ததா, கைவிட்டதா என்று பார்க்கவே இல்லை. கார்டு மெதுவாக இருந்த ஒரு நாளில், பழைய கட்டளையை இன்னும் உயிரோடு வைத்திருந்து, இரண்டு விநாடி கழித்து டிஸ்க்கில் படித்ததை நேராக அந்த மெமரியில் கொண்டுவந்து கொட்டும். அதற்குள் அங்கே வேறு யாருடைய கணக்கோ உட்கார்ந்திருக்கும். அதன் மேலேயே கொட்டும். எங்கும் ஒரு எரர் கூட வராது.

இதை நான் கண்டுபிடித்த வாரத்தில்தான் திரேஸ்புரத்துத் தாத்தா வீட்டுக்கு வந்தார். அப்பாவின் பழைய சிநேகிதர். ஊரடங்கு தளர்ந்ததும் சாயங்காலங்களில் திண்ணையில் தள்ளித் தள்ளி உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். 1961-ல் இந்தக் கடலில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தபோது அவருக்கு மீசை அரும்பிய வயசு. அதற்கப்புறம் சங்குகுளிக்குப் போனவர். அதன் பிறகு 1973-ல் இதே ஊரில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் அழகர்சாமி சிப்பியில் முத்து வளர்த்துக் காட்டினார் என்பதையும் அவர்தான் எனக்குச் சின்ன வயசில் சொன்னவர், தன் முத்துப்பாரில் விளைந்தது போலப் பெருமையாக.

நான் முகம் வாடி இருந்ததைப் பார்த்து என்னவென்று கேட்டார். கட்டளை, மெமரி எல்லாவற்றையும் விட்டுவிட்டு, கீழே போனவன் மேலே வந்துவிட்டான் என்று கயிறு பிடிக்கிறவன் பார்க்காமலே சொல்லிவிடுகிற மாதிரி ஒரு தப்பு என்று மட்டும் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. எனக்குக் கயிறு பிடித்தது என் மச்சான் என்று ஆரம்பித்தார். கல்லில் கால் வைத்து இறங்குவார்களாம். தரை தட்டியதும் கல்லை மேலே தூக்கிவிடுவார்களாம். பிறகு கூடைக் கயிறுதான் மேலுக்கும் கீழுக்கும் உள்ள பேச்சு. கீழிருந்து இழுத்தால் மேலே தூக்க வேண்டும். இழுக்காவிட்டாலும் மேலே இருக்கிறவன் தன் மூச்சை எண்ணிக்கொண்டே இருப்பானாம், எண்ணிக்கை தாண்டினால் தானாகத் தூக்கிவிடுவானாம்.

"கயிறு கனமில்லாம வந்தா ஆள் வந்துட்டான்னு அர்த்தமில்ல தம்பி" என்றார். "தலையைப் பாக்கணும். தலையைப் பாத்த பொறவுதான் என் மச்சான் அடுத்த ஆளை இறங்கச் சொல்லுவான்."

அபார்ட் ஃபங்ஷனைத் திரும்ப எழுதினேன். வாபஸ் கடிதம் போட்ட பிறகு, 'கைவிட்டேன்' என்று கார்டே அந்தக் கட்டளையின் எண்ணைச் சொல்லி ஒப்புக்கொள்கிறதா என்று காத்திருக்கும். ஒப்புக்கொண்டால்தான் 8194. இல்லையென்றால் 8195, அப்போது கெர்னல் அடுத்தடுத்த படியாக டிஸ்க்கை, பிறகு கார்டையே ரீசெட் செய்யச் சொல்லும். அதற்கு நேரம் ஆகும், அந்த நேரத்தில் சர்வர் தடுமாறும். ஆனால் ஒருவருடைய தரவின் மேல் இன்னொருவருடையது கொட்டாது.

இதற்கு நிறுவனத்தில் வந்த எதிர்ப்பு எனக்கு இன்றும் ஆறவில்லை. முன்பு பச்சையாக முடிந்த சோதனைகளில் சில இப்போது சிவப்பாயின. "உன் பேட்ச் வந்ததிலிருந்து எரர் கூடிவிட்டது" என்றார்கள். எரர் கூடவில்லை, முன்பு சொல்லாமல் இருந்ததை இப்போது சொல்கிறது என்று நான் சொல்ல, வெளியீட்டுத் தேதி நெருங்குகிறது என்று அவர்கள் சொல்ல, இரண்டு மாதம் போனது. கடைசியில் பேச்சால் நடக்கவில்லை. கார்டை வேண்டுமென்றே மெதுவாக்கி, பழைய டிரைவரில் ஒரு ஃபைலின் நடுவில் வேறொரு ஃபைலின் எழுத்துகள் வந்து உட்காருவதைப் படம் பிடித்து அனுப்பினேன். அடுத்த நாள் பேட்ச் சேர்ந்தது.

அந்த இரண்டு மாதத்தில் எனக்குத் தெம்பாக இருந்தது, முகம் தெரியாத சிலர் இதே வேலையைப் பெரிய அளவில் செய்துகொண்டிருந்தது. கெர்னலில் டிஸ்க்குகளின் படிப்பையும் எழுத்தையும் பார்த்துக்கொள்ளும் பிளாக் அடுக்கில் வெகுகாலம் சாதாரண எரர் எண்களையே இரவல் வாங்கி ஓட்டினார்கள். டிஸ்க்கின் பரப்பில் பழுது என்றால் 'டேட்டா இல்லை' என்ற 61, வழித்தடப் பழுது என்றால் 'லிங்க் அறுந்தது' என்ற 67. 2017-ல் கிறிஸ்டோஃப் ஹெல்விக் அந்த அடுக்குக்கென்றே தனி வகை எண்களை உண்டாக்கினார். ஒன்றை இன்னொன்றோடு கலந்தால் சோதனைக் கருவியே பிடித்துக் கொடுக்கும்படி. ஸ்கஸியில் இன்னும் பழைய கதை. 'கவனி, பழுது இருக்கிறது' என்று டிஸ்க் சொல்லும் எண் தரப்படி 2. லினக்ஸ் தனக்கென ஒரு பட்டியலில் அதை ஒரு பிட் தள்ளி 1 என்று வைத்திருந்தது. ஒரே செய்திக்கு இரண்டு எண்கள், பல ஆண்டுகளாக, டிரைவருக்கு டிரைவர் வேறாக. ஹான்னஸ் ரைனெக்கே ஒவ்வொரு டிரைவராகப் போய் மாற்றி, 2021-ல் அந்தப் பழைய பட்டியலையே எடுத்தார். அந்த பேட்ச்களை ராத்திரிகளில் ஒவ்வொன்றாகப் படிப்பேன். ஒவ்வொன்றும் சில வரிதான். புதுசாக ஒரு வசதியும் கிடையாது. எதற்காக மாற்றினோம் என்ற விளக்கம் சில இடங்களில் நிரலைவிட நீளம்.

2023 டிசம்பர் 17, 18-ல் பெய்த மழையை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். பக்கத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செண்டிமீட்டர். தூத்துக்குடியில் எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். பல நாள் வடியவில்லை. நான் பெங்களூரிலிருந்து வந்து சேர்ந்தபோது அப்பா மாடியில், அம்மாவின் புடவைக் கொடியில், தன் டாலி நோட்டுகளைப் பிரித்து ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டிருந்தார். கீழ் அலமாரியில் இருந்தவை. மை கரைந்து கோடுகள் பல பக்கங்களில் நீலத் திட்டாகியிருந்தன. ஐந்தாவது குறுக்குக் கோடு மட்டும் அழுத்திப் போட்டதால் தடவினால் தட்டுப்பட்டது.

காய்ந்த நோட்டுகளை அடுக்கி, மேலே ஒரு வெள்ளைத்தாள் ஒட்டி, பேனாவை எடுத்தார். எழுதப் போகுமுன் ஓர் அட்டையின் ஓரத்தை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்ததை நான் பார்த்தேன். பிறகு எழுதினார்:

நனைந்தது, 18-12-2023. மழைநீர்.